ஒப்பந்தத்தில் தரநிலையின் எந்தப் பதிப்பு செல்லும்? ஆண்டு போடுவதா, தேதியில் நிறுத்துவதா, ஓடவிடுவதா

"பொருள்கள் இன்ன தரநிலைக்கு இணங்க இருக்க வேண்டும்" என்று எழுதிவிட்டு ஆண்டைப் போடாமல் விட்ட ஒப்பந்தங்கள் ஏராளம். கையெழுத்தாகும் நாளில் அது யாருக்கும் உறுத்தாது. அன்று புழக்கத்தில் இருப்பது ஒரே பதிப்பு. இரு தரப்பும் அதைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். வேலை பாதியில் இருக்கும்போது புதிய பதிப்பு வரும். அதில் ஒரு சோதனை கூடுதலாகச் சேர்ந்திருக்கும், அல்லது ஓர் அளவின் வரம்பு இறுகியிருக்கும். எந்தப் பதிப்பு என்ற கேள்வி அப்போதுதான் எழும். எழும்போதும் தொழில்நுட்பக் கேள்வியாக எழாது, கூடுதல் செலவு யார் தலையில் என்ற கேள்வியாகவே எழும்.

ஆகவே கீழே உள்ள வழிகளை ஒப்பிடும்போது, எது நவீனமான பதிப்பைத் தருகிறது என்று பார்ப்பதைவிட, மாற்றம் வரும்போது அதன் செலவும் தாமதமும் யாரைச் சேரும் என்று பார்ப்பதே பயனுள்ளது. வழிகள் நான்குதான்: ஒன்றும் சொல்லாமல் விடுவது, ஆண்டைக் குறிப்பிட்டுப் பூட்டுவது, ஒரு தேதியை வைத்து அன்றைய பதிப்பு என்பது, அவ்வப்போதைய நடப்புப் பதிப்பு என்று ஓடவிடுவது. நல்ல ஒப்பந்தங்களில் கடைசி மூன்றும் கலந்தே இருக்கும்.

ஒன்றும் சொல்லாமல் விட்டால்

பலரும் ஒரு நம்பிக்கையில் விடுகிறார்கள்: ஆண்டில்லாமல் எழுதினால் சமீபத்திய பதிப்பு என்றுதானே பொருள்? இந்த எண்ணம் வந்த இடம் பன்னாட்டுத் தர அமைப்புகளான ஐஎஸ்ஓ, ஐஇசி வெளியிடும் தரநிலைகளின் இரண்டாம் பிரிவு. பிற ஆவணங்களை மேற்கோள் காட்டுபவற்றில் அங்கே ஒரு வாக்கியம் இருக்கும்: ஆண்டிட்ட மேற்கோள்களுக்கு அந்தப் பதிப்பு மட்டும், ஆண்டிடாதவற்றுக்குத் திருத்தங்கள் உட்பட சமீபத்திய பதிப்பு. ஆனால் அந்த வாக்கியம் ஆள்வது அந்தத் தரநிலைக்குள் மேற்கோள் காட்டப்படும் பிற ஆவணங்களை மட்டுமே. வாங்குபவரும் விற்பவரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்துக்கு அது விதி அல்ல.

ஒப்பந்தம் மௌனமாக இருந்தால் விடை நாட்டுக்கு நாடு, வழக்குக்கு வழக்கு மாறும். விலை பேசிய நாளில் இரு தரப்பும் எதை மனதில் வைத்திருந்தார்கள் என்று ஒரு வாதம். ஒப்படைக்கும் நாளில் துறை எதைச் சரியென ஏற்கிறதோ அதுவே என்று இன்னொரு வாதம். இரண்டாவது வாதம் வெறும் ஏட்டுச்சுரைக்காய் அல்ல. ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2017 நவம்பரில் தந்த கட்டுமானத் தீர்ப்பில், ஏற்றுக்கொள்ளப்பட்ட தொழில்நுட்ப விதிகள் வேலையை ஏற்கும் நாளில் எப்படி இருக்கின்றனவோ அப்படியே ஒப்பந்ததாரர் பின்பற்றக் கடமைப்பட்டவர் என்றது. இடையில் விதி மாறினாலும் பொதுவாக அதுவே நிலை, மாற்றத்தையும் அதன் விளைவையும் அவர்தான் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும். பன்னாட்டுக் கட்டுமானத்தில் பரவலாகப் புழங்கும் ஃபிடிக் (ஆலோசகப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு) மாதிரி ஒப்பந்தங்களில் 1999-ன் மஞ்சள் புத்தகம் இதற்கு நேர் எதிர்த் திசையில் தொடங்குகிறது: வேறு சொல்லாவிட்டால் அடிப்படைத் தேதியன்று (டெண்டர் கடைசி நாளுக்குச் சற்று முன் வரும் நாள்) பொருந்திய பதிப்பே செல்லும். ஒரே கேள்விக்கு இரு எதிரான தொடக்கப் புள்ளிகள். மௌனத்தை நம்பி விலை போடுவது சூதாட்டம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆண்டோடு பூட்டுவது

தர மேலாண்மைத் தரநிலையை "ஐஎஸ்ஓ 9001:2015" என்று எழுதினால் வாதத்துக்கு இடமில்லை, கிட்டத்தட்ட. விலை போடுபவருக்கு எதை விலை போடுகிறோம் என்று தெரியும். ஆய்வாளர் கையில் எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்ற ஐயம் இருக்காது. ஒருமுறை செய்து முடிக்கும் வேலைக்கு, அதாவது ஒரு கலன், ஒரு பாலம், ஒரு தொகுதி குழாய்களுக்கு, எங்கள் கணிப்பில் இதுவே முதல் தெரிவு.

பிரிவு எண்ணைச் சொல்லி மேற்கோள் காட்டும் இடத்தில் ஆண்டு கட்டாயம். பதிப்பு மாறினால் எண்கள் இடம் பெயரும். ஐஎஸ்ஓ 9001-ன் 2008 பதிப்பில் கொள்முதல் பற்றிய பிரிவு 7.4, 2015-ல் அதே பொருள் 8.4-க்குப் போய்விட்டது. தரக் கையேடு, நிர்வாகப் பிரதிநிதி என்ற இரண்டும் 2015-ல் தனிக் கட்டாயங்களாக இல்லை. "பிரிவு 4.2.2-ன்படி தரக் கையேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும்" என்று ஆண்டில்லாமல் நிற்கும் ஒப்பந்த வரி எதைக் கேட்கிறது? 2015 பதிப்பைத் திறப்பவருக்கு அந்தப் பிரிவே கிடைக்காது.

எஃகு வாங்குபவர்கள் அடிக்கடி இடறும் இடம் இன்னொன்று. ஆய்வுச் சான்றிதழ்களுக்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 10204-ன் 1991 பதிப்பில் 3.1.ஏ, 3.1.பி, 3.1.சி என மூன்று வகைகள் இருந்தன. 2004 பதிப்பு அவற்றை 3.1, 3.2 என இரண்டாகச் சுருக்கியது. பழைய 3.1.பி இன்றைய 3.1-க்கு நேர், 3.1.ஏ-யும் 3.1.சி-யும் 3.2-க்குள் போயின. 3.1 என்பது ஆலையிலேயே, உற்பத்தித் துறையைச் சாராத அதன் பொறுப்பாளர் உறுதி செய்வது. 3.2-வில் அவரோடு வாங்குபவரின் பிரதிநிதியோ அதிகாரபூர்வ ஆய்வாளரோ சேர்ந்து உறுதி செய்ய வேண்டும். பழைய ஸ்பெக்கிலிருந்து (தொழில்நுட்ப விவரக்குறிப்பு) வெட்டி ஒட்டிய "3.1.சி" இன்றும் டெண்டர்களில் வருகிறது. விற்பவர் அதை 3.1 என்று படித்து விலை போட்டு, சரக்கு வந்தபின் வாங்குபவர் 3.2 கேட்டால், உருக்கி உருட்டி முடித்த எஃகுக்கு வெளி ஆய்வாளரைப் பின்னோக்கி அழைத்துவர வழியில்லை. மறுபடி மாதிரி வெட்டிச் சோதிக்க வேண்டியதுதான்.

பூட்டுவதன் குறை காலத்தோடு வரும். தகவல் பாதுகாப்புத் தரநிலையான ஐஎஸ்ஓ/ஐஇசி 27001-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2013 பதிப்பின் இணைப்பில் 114 கட்டுப்பாடுகள், 2022-ல் 93. பழைய பதிப்பின் சான்றிதழ்களுக்கான மாறுதல் காலம் 2025 அக்டோபர் 31-ல் முடிந்தது. 2021-ல் "27001:2013 சான்றிதழ் ஒப்பந்தக் காலம் முழுவதும் செல்லுபடியாக இருக்க வேண்டும்" என்று ஐந்தாண்டுக்குப் போட்ட சேவை ஒப்பந்தம், கடைசி மாதங்களில் நிறைவேற்றவே முடியாத நிபந்தனையைச் சுமந்து நின்றது. சேவை வழங்குநர் 2022-க்கு மாறியிருப்பார். எழுத்துப்படி பார்த்தால் அதுவே மீறல்.

சோதனைக்கூடங்களும் இதே சிக்கலைத் தரும். அங்கீகாரம் பெற்ற கூடம் தன் அங்கீகாரப் பட்டியலைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டால், பழைய முறைப்படி சோதித்துத் தரலாம். ஆனால் அறிக்கையில் அங்கீகாரச் சின்னம் இருக்காது. அந்தச் சின்னத்தையும் கேட்டு, பழைய ஆண்டையும் கேட்கும் ஒப்பந்தம் இரண்டில் ஒன்றைத்தான் பெறும். பழைய பதிப்பின் பிரதியே கிடைக்காதே என்ற பயம் மட்டும் பெரிதல்ல. வெளியீட்டாளர்கள் பலர் திரும்பப் பெற்ற பதிப்புகளையும் விற்கிறார்கள். கையெழுத்து நாளிலேயே உரிமத்தோடு ஒரு பிரதி வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டால் தொல்லை முடிந்தது.

ஒரு தேதியில் நிறுத்துவது

நூறு, இருநூறு தரநிலைகளை மேற்கோள் காட்டும் ஸ்பெக்கில் ஒவ்வொன்றுக்கும் ஆண்டு தேடிப் போடுவது பெரிய வேலை. ஒன்று விட்டுப்போகும், ஒன்று தவறாக விழும். அதனால் "குறிப்பிட்ட தேதியன்று நடப்பில் இருந்த பதிப்பு" என்ற ஒரே விதியை எழுதுகிறார்கள். ஃபிடிக்கின் அடிப்படைத் தேதி, டெண்டர் சமர்ப்பிக்கும் கடைசி நாளுக்கு 28 நாட்கள் முன்னது. காரணம் எளிது: விலை போடுபவர் டெண்டருக்கு முந்தைய நாள் வெளியான பதிப்பைப் படித்து விலையில் சேர்த்திருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

இந்த வழியில் உண்மையான முடிவுகள் இரண்டு: எந்தத் தேதி, "நடப்பில்" என்றால் என்ன. இரண்டில் ஒன்றைத் தெளிவில்லாமல் விட்டாலும் மௌனம் சாதித்த இடத்துக்கே திரும்பி வந்துவிடுவோம்.

அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இ-யின் கொதிகலன், அழுத்தக்கலன் நெறித்தொகுப்பு இதைக் காட்ட வசதியானது, அதன் நாட்காட்டி ஒழுங்காக இருப்பதால். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஜூலை 1-ல் புதிய பதிப்பு வெளியாகும். வெளியான நாள் முதல் பயன்படுத்தலாம். கட்டாயமாவது ஆறு மாதம் கழித்து. 2023 பதிப்பு 2023 ஜூலை 1-ல் வெளியாகி, 2024 ஜனவரி 1-ல் கட்டாயமானது. ஒரு கலனுக்கு டெண்டர் கடைசி நாள் 2023 ஜூன் 10, கையெழுத்து 2023 அக்டோபர் 15, தயாரிப்பு 2024 பிப்ரவரியில் தொடக்கம், ஒப்படைப்பு 2025 ஆகஸ்ட் என்று வைத்துக்கொள்வோம்.

- டெண்டருக்கு 28 நாள் முன் (மே 13) என்றால் 2021 பதிப்பு.
- கையெழுத்து நாளில் வெளியாகியிருந்த சமீபத்தியது என்றால் 2023.
- கையெழுத்து நாளில் கட்டாயமாக இருந்தது என்றால் மறுபடி 2021.
- தயாரிப்புத் தொடங்கும் நாள் என்றால், எப்படிப் படித்தாலும் 2023.
- ஒப்படைக்கும் நாளில் வெளியாகியிருந்தது என்றால் 2025 பதிப்பு. கலன் முடிந்து பெயிண்ட் அடித்தபின் வந்த புத்தகம்.

ஒரே கலன், மூன்று பதிப்புகள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே நாளைச் சுட்டியும் விடை வேறு. வித்தியாசம் முழுவதும் "வெளியான", "கட்டாயமான" என்ற இரண்டு சொற்களில். இதுபோன்ற சட்டரீதியான நெறித்தொகுப்புகளில், எந்தப் பதிப்பு ஆளும் என்று நெறித்தொகுப்பே சொந்தமாக ஒரு விதி வைத்திருக்கும். கலன் நிற்கப்போகும் இடத்தின் சட்டமும் ஒரு பதிப்பை ஏற்று அறிவித்திருக்கும். ஒப்பந்தத் தேதி அவற்றோடு மோதினால் ஒப்பந்தம்தான் தோற்கும். தேதியைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

நடப்பில் என்பதற்கு நாங்கள் பரிந்துரைக்கும் பொருள்: வெளியீட்டாளர் வெளியிட்டு, அந்தத் தேதிவரை திரும்பப் பெறாத பதிப்புகளில் மிகச் சமீபத்தியது. வெளியான நாள் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கும், யாரும் சரிபார்க்கலாம். கட்டாயமாகும் நாள், மாறுதல் காலம் முடியும் நாள் போன்றவற்றை அளவுகோலாக வைத்தால் அவற்றை அறிவிப்பது யார் என்ற அடுத்த கேள்வி வரும். சில நேரம் வெளியீட்டாளர், சில நேரம் அங்கீகார அமைப்பு, சில நேரம் அரசு.

டெண்டருக்கும் கையெழுத்துக்கும் இடையே பேச்சுவார்த்தை ஓராண்டு இழுத்துவிட்டால் அடிப்படைத் தேதி பழையதாகிவிடும். அப்போது தேதியைப் புதுப்பியுங்கள், விலையையும் உறுதிசெய்யக் கேளுங்கள். தேதியை மட்டும் நகர்த்தி விலையை அப்படியே வைத்திருக்கச் சொல்வது, இடையில் வந்த பதிப்புகள் எல்லாவற்றையும் விற்பவர் இலவசமாக ஏற்க வேண்டும் என்பதற்குச் சமம். அனுபவமுள்ள விற்பவர் அதைக் கவனிப்பார். கவனிக்காத விற்பவர் பின்னால் வேறு இடத்தில் ஈடுகட்டுவார்.

மூன்றாண்டு விலை ஒப்பந்தங்களில் "ஒவ்வொரு ஆர்டரின் தேதியன்று நடப்பில் உள்ள பதிப்பு" என்று எழுதுவது வழக்கம். பார்க்கத் தேதியில் நிறுத்தியதுபோல் இருக்கும். விலைப்பட்டியல் முதல் நாளிலேயே பூட்டப்பட்டிருந்தால் இது மாறுவேடம் போட்ட ஓடும் பதிப்புதான். விலையும் அதே ஆர்டர் தேதியில் திறக்க வழி வேண்டும், இல்லையேல் பதிப்பும் முதல் நாளோடு நிற்க வேண்டும்.

ஓடவிடுவது

"அவ்வப்போது திருத்தப்பட்டவாறு" என்ற தொடரை வாங்குபவரின் வழக்கறிஞர்கள் மிக விரும்புவார்கள். எதிர்காலத்தில் வருவது எல்லாம் உள்ளே வந்துவிடும், நமக்குச் செலவில்லை என்று தோன்றும். தெரியாத எதிர்காலத்துக்கு விலை போடச் சொன்னால் விற்பவர் விலையில் ஒரு பயப்பணத்தைச் சேர்த்துத்தான் போடுவார். பதிப்பு மாறவே இல்லையென்றாலும் அந்தப் பணம் திரும்பி வராது.

ஆனாலும் ஓடவிடுவதே சரியான இடங்கள் உண்டு. கார்டு கட்டணத் தரவுகளைக் கையாளும் சேவைக்குப் பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்புத் தரநிலையின் பழைய பதிப்பைப் பூட்டி வைத்துப் பயனில்லை. 3.2.1 பதிப்பு 2024 மார்ச் 31-ல் ஓய்வு பெற்றது. அதன்பின் அதை வைத்து மதிப்பீடு செய்ய முடியாது. இணையத் தொடர்பை மறையாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 இரண்டையும் 2021 மார்ச்சில் இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 8996 கைவிடச் சொன்னது. அவற்றைக் கட்டாயப்படுத்தும் ஒப்பந்தம் பாதுகாப்புக் குறையையே கட்டாயப்படுத்துகிறது. பழையதைப் பின்பற்றுவதால் நோக்கமே கெட்டுப்போகும் எதுவும், அதாவது தகவல் பாதுகாப்பு, தொழிலாளர் பாதுகாப்பு, தொடர்ந்து புதுப்பிக்க வேண்டிய சான்றிதழ், ஓடும் பதிப்பின் கீழ் வர வேண்டும்.

அங்கும் "சமீபத்தியது" என்று மொட்டையாக எழுதக் கூடாது. பிசிஐ டிஎஸ்எஸ் 4.0 வெளியானது 2022 மார்ச்சில். அன்று முதல் 2024 மார்ச் வரை இரண்டு பதிப்புகளும் செல்லுபடியாகின. புதிய தேவைகளில் ஒரு பகுதி 2025 மார்ச் 31 வரை பரிந்துரையாக மட்டுமே இருந்தது. சமீபத்தியது என்ற சொல்லை எழுத்துப்படி எடுத்தால், 2022 ஏப்ரல் முதல் நாளே எல்லா வழங்குநர்களும் மீறலில் இருந்தார்கள். யாரும் அப்படி நினைக்கவில்லை, ஆனால் ஒப்பந்தத்தை முறிக்கக் காரணம் தேடும் ஒருவர் நினைக்கலாம்.

இன்னொரு பொறி: சமீபத்தியது என்பதும் சட்டம் ஏற்றது என்பதும் ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு தரநிலையைப் பின்பற்றினால் சட்டத்துக்கு இணங்கியதாகக் கருதும் சலுகை, அதிகாரபூர்வ அரசிதழில் பட்டியலிட்ட பதிப்புக்குத்தான். அமைப்பு புதிய பதிப்பை வெளியிட்டு, பட்டியல் இன்னும் பழையதிலேயே நிற்கும் காலங்கள் உண்டு. அப்போது சமீபத்தியதைப் பின்பற்றிச் செய்த பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை. பொருளைச் சந்தையில் வைக்க வேண்டியவர் வாங்குபவர் என்றால், அவர் கேட்டு வாங்கிய வரியே அவருக்கு எதிராகத் திரும்பும்.

கடன் ஒப்பந்தங்களில் இதே சண்டை கணக்கியல் தரநிலைகள் மேல் நடக்கிறது. குத்தகைகளுக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை ஐஎஃப்ஆர்எஸ் 16, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை இருப்புநிலைக் குறிப்புக்கு வெளியே நின்ற இயக்கக் குத்தகைகள் கடப்பாடுகளாக உள்ளே வந்தன. கடைகளும் விமானங்களும் குத்தகைக்கு எடுத்த நிறுவனங்களின் கடன் விகிதம், ஒரு ரூபாய்கூடப் புதிதாகக் கடன் வாங்காமலே ஏறியது. "அவ்வப்போதைய கணக்கியல் தரநிலைப்படி" விகிதம் கணக்கிடச் சொன்ன ஒப்பந்தங்களில் அது நிபந்தனை மீறலாகும் அபாயம் வந்தது. கையெழுத்து நாளின் தரநிலையை உறையவைத்த ஒப்பந்தங்கள் தப்பின. ஆனால் கடன் வாங்கியவர் பழைய முறையில் ஒன்று, புதிய முறையில் ஒன்று என இரண்டு கணக்கு வைத்திருக்க வேண்டியதாயிற்று. பூட்டுவதும் இலவசமல்ல.

கலந்து எழுதுவது

பெரும்பாலான வேலைகளுக்கு எங்கள் தெரிவு இது: முக்கியமான தரநிலைகளை ஆண்டோடு ஓர் இணைப்பில் பட்டியலிடுங்கள், விட்டுப்போனவற்றுக்கு நிலைத் தேதி (பதிப்பை நிறுத்த ஒப்பந்தம் தேர்ந்தெடுக்கும் தேதி) விதி, மாற்றத்துக்குத் தனி நடைமுறை, பாதுகாப்பு, சான்றிதழ் வகையறாவை மட்டும் பெயர் சொல்லி ஓடவிடுங்கள். ஷரத்தின் வடிவம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"இணைப்பு 2-ல் ஆண்டு குறிப்பிட்ட தரநிலைகளுக்கு அந்தப் பதிப்பும் அங்கே பட்டியலிட்ட திருத்தங்களும் மட்டுமே பொருந்தும். ஆண்டு குறிப்பிடாத, அல்லது அந்த இணைப்பில் இடம்பெறாத தரநிலைகளுக்கு, நிலைத் தேதிக்கு முன் வெளியாகி அத்தேதியன்று திரும்பப் பெறப்படாதிருந்த மிகச் சமீபத்திய பதிப்பு பொருந்தும். இத்தரநிலைகள் ஆண்டு குறிப்பிடாமல் மேற்கோள் காட்டும் பிற ஆவணங்களுக்கும் இதே விதி."

"நிலைத் தேதிக்குப் பின் புதிய பதிப்போ திருத்தமோ வெளியானால், ஒப்பந்ததாரர் அதை அறிந்த 21 நாட்களுக்குள் வேலை, விலை, காலம் மீதான விளைவோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் எழுத்தில் ஆணையிடும்வரை பழைய பதிப்பே தொடரும். ஆணை மாற்று வேலையாகக் கருதப்படும். சட்டம் கட்டாயப்படுத்தும் மாற்றம் ஆணைக்குக் காத்திராமல் பொருந்தும். அதன் செலவை வாங்குபவர் ஏற்பார்."

கடைசி வாக்கியத்தில் யார் பெயர் வர வேண்டும் என்பது பேரத்தைப் பொறுத்தது. காலியாக விடக் கூடாது என்பதே முக்கியம். 21 நாள் என்பதும் மாற்றக்கூடியதுதான். அறிவிக்கும் கடமை ஒருவர் மேல் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இரு தரப்பும் மற்றவர் கவனிப்பார் என்று இருந்துவிடுவார்கள்.

ஓடவிடும் பட்டியலுக்குத் தனி வரி: "வழங்குநர் புதிய பதிப்புக்கு, வெளியீட்டாளர் அறிவித்த மாறுதல் காலம் முடிவதற்குள் மாற வேண்டும், மாறுதல் காலம் அறிவிக்கப்படாவிடில் வெளியான 12 மாதத்துக்குள். அதுவரை பழைய பதிப்பைப் பின்பற்றுவது மீறலாகாது." ஆண்டுக் கட்டணத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் செலவு போனால் விலை திறக்கும் என்று ஓர் உச்சவரம்பும் சேர்த்தால் விற்பவரின் பயப்பணம் வெகுவாகக் குறையும்.

பட்டியலில் எழுதும்போது வழுக்கும் இடங்கள்

பொருள், சோதனைத் தரநிலைகளை வெளியிடும் அமெரிக்க அமைப்பான ஏஎஸ்டிஎம்-இன் எண்ணில் கோட்டுக்குப் பின் வருவதை முழுதாக எழுத வேண்டும். 19 என்றால் 2019 பதிப்பு. 19ஏ என்றால் அதே ஆண்டில் இரண்டாவது முறையாகத் திருத்தப்பட்டது, உள்ளடக்கம் மாறியிருக்கும். அடைப்புக்குறிக்குள் ஓர் ஆண்டு வந்தால் அது மறு ஒப்புதல் ஆண்டு மட்டுமே, உரை பழையதுதான். மேலே சிறிய எப்சிலான் இருந்தால் பதிப்பாசிரியர் செய்த சிறு திருத்தம். சோதனைச் சான்றிதழில் 19 என்றும் ஆர்டரில் 19ஏ என்றும் இருந்தால் ஆய்வாளர் நிறுத்துவார், நிறுத்துவதும் சரியே. எஃகுக் கிடங்குகளில் இருப்பது பெரும்பாலும் சென்ற பதிப்பில் உருட்டியது. ஆகவே கையிருப்புச் சரக்கு வாங்கும் இடங்களில் முந்தைய பதிப்பும் ஏற்கப்படும் என்று முன்கூட்டியே எழுதிவிடுவது, பின்னால் ஒவ்வொன்றுக்கும் விலக்குக் கடிதம் எழுதுவதைவிட மலிவு.

நாட்டு, வட்டார அமைப்புகள் ஏற்ற பதிப்பின் ஆண்டும் மூலத்தின் ஆண்டும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஈஎன் ஐஎஸ்ஓ 13485:2012 என்பது ஐஎஸ்ஓ 13485:2003-ன் உரை. ஈஎன் ஐஎஸ்ஓ 14971:2012 என்பது ஐஎஸ்ஓ 14971:2007. முன்னொட்டை விட்டுவிட்டு "ஐஎஸ்ஓ 14971:2012" என்று எழுதினால் அப்படி ஓர் ஆவணமே கிடையாது. ஏற்கும்போது உரையை மாற்றியும் ஏற்பார்கள் என்பதால், எந்த அமைப்பின் பதிப்பு என்பதை எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்.

திருத்தங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஐஎஸ்ஓ 9001:2015-க்கு 2024-ல் முதல் திருத்தம் வந்தது; காலநிலை மாற்றம் தமக்குப் பொருந்துமா என்று நிறுவனங்கள் தீர்மானிக்க வேண்டும் என்பது 4.1-ல் சேர்ந்தது. 9001:2015 என்று மட்டும் எழுதிய 2023 ஒப்பந்தத்தில் அது உண்டா? பட்டியலில் "திருத்தங்கள்" என்று ஒரு பத்தி இருந்தால் கேள்வியே எழாது. பிழைதிருத்தத் தாள்களை மட்டும், எப்போது வந்தாலும் சேரும் என்று விட்டுவிடலாம். அச்சுப்பிழையைப் பின்பற்ற யாரும் பேரம் பேசவில்லை.

"அல்லது அதற்குப் பதிலாக வரும் தரநிலை" என்ற தொடர் வசதியாகத் தோன்றும், ஆனால் வாரிசு எப்போதும் ஒருவர் அல்ல. ஆர்எஃப்சி ஆவணங்கள் வெளியானபின் மாறுவதே இல்லை, மாற்றம் புதிய எண்ணில்தான் வரும். அந்த வகையில் ஒப்பந்தத்துக்கு அவை நல்ல பிள்ளைகள். ஆனால் 1999-ன் ஆர்எஃப்சி 2616-க்குப் பதிலாக 2014-ல் வந்தவை ஆறு ஆவணங்கள், 7230 முதல் 7235 வரை. மறுபுறம், ஒலி-ஒளிக் கருவிகளுக்கான ஐஇசி 60065-ம் தகவல் தொழில்நுட்பக் கருவிகளுக்கான 60950-1-ம் ஐஇசி 62368-1 என்ற ஒன்றுக்குள் போயின; அது ஆபத்தின் மூலத்திலிருந்து தொடங்கும் வேறு அணுகுமுறை, பழைய சோதனை அறிக்கையை எண் மாற்றி ஒட்ட முடியாது. வாரிசு யார் என்று வெளியீட்டாளரே அறிவித்திருந்தால் மட்டும், அதுவும் மாற்று வேலை நடைமுறை வழியாக மட்டும், என்று கட்டுப்படுத்துவது நல்லது.

பன்னாட்டு வணிகத்தில் சரக்கு ஒப்படைப்பு விதிகளான இன்கோடெர்ம்ஸுக்கு ஆண்டு எழுதாமல் விடுவது இன்னும் நடக்கிறது. 2010-ன் டிஏடி (முனையத்தில் ஒப்படைப்பு) 2020-ல் இல்லை, அந்த இடத்தில் டிபியு (சொன்ன இடத்தில் இறக்கி ஒப்படைப்பு). சிஐபி விதியில் (போக்குவரத்தும் காப்பீடும் விற்பவர் செலவு) விற்பவர் எடுக்க வேண்டிய காப்பீடு 2010-ல் குறைந்தபட்ச அளவான 'சி' பிரிவு. 2020-ல், வேறு பேசாவிட்டால், விரிவான 'ஏ' பிரிவு. நான்கு இலக்கத்தில் தீரும் விஷயம்.

துணை ஒப்பந்தங்களுக்கு இணைப்பு 2-ஐ அப்படியே பிரதியெடுத்து அனுப்புங்கள், நிலைத் தேதியையும் சேர்த்து. முதன்மை ஒப்பந்தத்தில் 2023 மே என்றும், எட்டு மாதம் கழித்துப் போட்ட வால்வு ஆர்டரில் "ஆர்டர் தேதியன்று நடப்பில்" என்றும் இருந்தால், கலன் ஒரு பதிப்பிலும் வால்வு இன்னொன்றிலும் வந்து சேரும். உத்தரவாதக் காலத்தில் மாற்றித் தரும் உதிரிப்பாகங்களுக்கும் மூலப் பதிப்பே என்று எழுதி வையுங்கள். புதிய பதிப்பின் அளவுகளில் வந்த ஃபிளாஞ்ச் (குழாய்களை இணைக்கும் விளிம்புத் தகடு) பழையதோடு பொருந்தாமல் போனால், அங்கே நிற்பவருக்கு எந்தப் பதிப்பு சிறந்தது என்ற விவாதத்தால் ஒரு பயனும் இல்லை.